கிட்டங்கி கட்டுவதற்கு முன்னால்

ஜெபல் அலி, துபாய்
20.04.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே நலம். அப்பா, அம்மா, மதினி, பிள்ளைகள் நலமறிய ஆவல். பங்குனிப் பொங்கலுக்கு இந்த வருஷமும் வர முடியவில்லை. மதினி அனுப்பிய அக்கினிச்சட்டி வீடியோவை ரூமில் இருக்கிற ஆறு பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அதில் ரெண்டு பேர் நேபாளிகள், ஒருவர் மலையாளி. வீடியோ முடிந்ததும் நேபாளிப் பையன் ஒருத்தன் கும்பிட்டுக்கொண்டான்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நம் கடைக்குப் புதுக் கிட்டங்கி, அதாவது சரக்கு குடோன், கட்டுகிற விஷயத்தைப் போனில் எடுத்தால் ரெண்டாவது நிமிஷம் நம் ரெண்டு பேர் குரலும் ஏறிவிடுகிறது. மூணாவது நிமிஷம் அம்மா போனை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அதோடு சரி. எழுதினால் முழுசாகச் சொல்லி முடிக்கலாம். சாத்தூர்க்கார நண்பர் ஒருவர் வியாழக்கிழமை ஊருக்கு வருகிறார். இதையும் பேரீச்சம்பழத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அதைக் கட்ட என்னிடம் 8 லட்சம் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இல்லாமல் போகவில்லை, அனுப்ப மனசில்லாமலும் இல்லை. அதற்கு முன்னால் நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பதை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

இந்த ஜெபல் அலி துறைமுகத்தை 1979இல் திறந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1985இல் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தது. அதற்குள் சரக்கு இருக்கிற வரைக்கும் சுங்க வரி கிடையாது. வேலியைத் தாண்டி ஊருக்குள் போகும்போதுதான் பெரும்பாலான சரக்குக்கு 5 சதவீதம் கட்டணும். ஆப்பிரிக்காவுக்கோ ஈராக்குக்கோ திருப்பி ஏற்றுமதி செய்தால் அதுவும் இல்லை. சுற்றிலும் மணல், ஒரு கீரை விளையாது. ஆனால் பாதி உலகத்துக்குப் போகிற சரக்கு இங்கே வந்து இறங்கி ஏறுகிறது. வந்த புதிதில் இதைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. விருதுநகரில் என்ன விளைகிறது? ஆனால் பருப்புக்கும் மிளகாய் வத்தலுக்கும் மல்லிக்கும் விலை சொல்கிற ஊர் அதுதான்.

எங்கள் கிட்டங்கி நம் பஜார் தெருவில் பாதி நீளம் இருக்கும். ஏழு அடுக்கு இரும்பு ராக்கை. ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு நம்பர். சரக்கெல்லாம் பேலட் என்கிற மரப்பலகை மேல்தான் ஏறும், தரையில் ஒரு பெட்டி வைக்கக் கூடாது. சாக்லேட்டுக்குத் தனி அறை, உள்ளே 18 டிகிரி. ஆகஸ்டில் வெளியே 45 டிகிரி அடிக்கும்போது அந்த அறைக் கதவை ரெண்டு நிமிஷம் கூடுதலாகத் திறந்து வைத்தால் சூப்பர்வைசர் ஓடி வருவார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசாங்கச் சட்டம். அதனால் அந்த மூணு மாதமும் லாரிக் கணக்கே மாறிப்போகும்.

என் வேலைக்கு இன்வென்டரி கன்ட்ரோலர் என்று பெயர். அப்பாவிடம் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளை என்று சொல்லுங்கள், அதுதான் சரி. தினமும் ஐம்பது, அறுபது பொந்துகளைப் போய் எண்ணி, கம்ப்யூட்டர் சொல்கிற எண்ணிக்கையோடு சரி பார்ப்பேன். வருஷத்துக்கு ஒருமுறை கடையைப் பூட்டி எண்ணுகிற பழக்கம் இங்கே இல்லை. தினம் கொஞ்சம் எண்ணினால் தப்பு நடந்த வாரத்திலேயே அகப்படும். எந்தப் பெட்டியை முதலில் அனுப்பணும் என்று கையில் இருக்கிற ஸ்கேனர் சொல்லும். எதற்குக் காலாவதித் தேதி முன்னால் வருகிறதோ அது முதலில் போகும். பிந்தி வந்த கன்டெய்னரில் காலாவதி முந்தி இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. அப்பா மூடைக்கு மூடை நீலச் சாக்கட்டியால் தேதி எழுதுவாரே, அதே வேலைதான்.

போன வருஷம் இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நோன்புக்கு முன்னால் சர்பத், பழரசம் எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். நோன்பு மாதம் ஆங்கிலக் காலண்டரில் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். அதனால் போன மார்ச்சில் இவ்வளவு விற்றது என்று இந்த மார்ச்சுக்குக் கணக்குப் போட முடியாது. விற்பனைப் பிரிவில் யாரோ ஒருவர், பத்தாமல் போய்விடக் கூடாதே என்று கூடுதலாக மூவாயிரம் பெட்டி ஆர்டர் போட்டுவிட்டார். பெருநாள் முடிந்தது, பெட்டிகள் அப்படியே நின்றன. உள்ளே இடம் இல்லாமல் வெளியே ஒரு கிட்டங்கியை வாடகைக்கு எடுத்தார்கள். அப்புறம் பாதி விலைக்குத் தள்ளினார்கள். கடைசியில் காலாவதியான நானூறு பெட்டியை அழிக்க அனுமதி வாங்கி, அதற்கும் கட்டணம் கட்டினார்கள். காசு கொடுத்து வாங்கி, காசு கொடுத்து வைத்திருந்து, காசு கொடுத்துத் தூக்கிப் போட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இதற்கு நேர்மாறும் நடந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்களே, அப்போதிருந்து ஐரோப்பாவிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய சரக்கு சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தது. ரெண்டு வாரத்துக்கு மேல் கூடுதல் பயணம். கப்பலில் மிதக்கிற சரக்குக்கும் நாம்தானே பணம் கட்டியிருக்கிறோம்? ரெண்டு வாரம் கூடுதலாக மிதந்தால் ரெண்டு வாரத்துச் சரக்கின் பணம் கூடுதலாகக் கடலில் கிடக்கிறது. இந்தப் பக்கம் சூப்பர் மார்க்கெட்காரர்கள் கேட்டதைக் கொடுக்க முடியாமல் திட்டு வாங்கினோம். ஒரு பிஸ்கட்டுக்கு ஒதுக்கின அலமாரி இடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் இருப்பே வைக்கக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எதை எவ்வளவு வைப்பது என்பதில்தான் இவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இப்போது நம் கடைக்கு வருகிறேன். கோபப்படாமல் படியுங்கள். மதினியையும் திட்டாதீர்கள், நான்தான் வற்புறுத்தி இருப்பு நோட்டின் பக்கங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினேன்.

ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மொத்த இருப்பு 42 லட்சம். சரக்கு வகை 180. அதில் முப்பத்தைந்து வகைதான் விற்பனையில் முக்கால்வாசிக்கு மேல் கொண்டுவருகிறது. மிச்சம் 145 வகையில் பல மாதத்துக்கு ஒரு மூடைகூட அசையவில்லை. தீபாவளிக்கு முன்னால் வாங்கி இன்னும் அப்படியே இருக்கிற சரக்கு மட்டும் 11 லட்சம். நீங்கள் கேட்கிறது 8 லட்சம் அண்ணே.

பேங்க் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடன் வட்டி 12 சதவீதம் என்றால் 42 லட்சத்துக்கு மாதம் 42,000 ரூபாய். பாதி சொந்தப் பணம்தானே என்பீர்கள். அதே பணத்தை நம் பஜாரில் யாராவது வட்டியில்லாமல் கேட்டால் கொடுப்பீர்களா? அப்புறம் எலி, ஈரம், எடைக் குறைவு, இன்சூரன்ஸ், மூடையை இங்கிருந்து அங்கே மாற்றுகிற லோடுமேன் கூலி. எல்லாம் சேர்த்து 100 ரூபாய் சரக்கு ஒரு வருஷம் தூங்கினால் 20 ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே இதைவிடக் கூடுதலாகப் போடுகிறார்கள்.

உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,200 மூடை விற்கிறோம். ஐம்பது கிலோ மூடை 4,500 ரூபாய் என்றால், ஒரு மூடையை ஒரு வருஷம் வைத்திருக்க 900 ரூபாய். நீங்கள் லாரி வாடகை மிச்சம் என்று தடவைக்கு 300 மூடை எடுக்கிறீர்கள். வருஷத்துக்கு நாலு நடை, நடைக்கு 7,500 என்றால் 30,000. ஆனால் கிட்டங்கியில் சராசரியாக 150 மூடை எப்போதும் கிடக்கிறது, அதற்கு 1,35,000. ஆக 1,65,000.

தடவைக்கு 110 மூடை, சின்ன லாரியில் நடைக்கு 4,500 என்று எடுத்தால் பதினொரு நடை, 49,500. இருப்பு சராசரி 55 மூடை, அதற்கும் 49,500. ஆக 99,000. உளுந்தில் மட்டும் வருஷத்துக்கு 66,000 மிச்சம். ரெண்டு செலவும் ஏன் சமமாக வந்தது என்று கேட்கிறீர்களா? நான் அப்படி ஜோடிக்கவில்லை. கொண்டுவருகிற செலவும் வைத்திருக்கிற செலவும் சமமாகிற இடத்தில்தான் மொத்தச் செலவு குறைவாக இருக்கும். ஃபோர்டு ஹாரிஸ் என்கிற அமெரிக்க என்ஜினீயர் 1913லேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். இங்கே எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறோம்.

வத்தலுக்கு இந்தக் கணக்கு செல்லாது. வெள்ளாமை வருகிற மூணு மாதத்தில் வாங்கி, குளிர்பதனக் கிட்டங்கியில் போட்டு, வருஷம் முழுக்க விற்கணும். அதில் நான் கை வைக்கவே மாட்டேன். விலை ஏறும் என்று தெரிந்து நீங்கள் உளுந்தைக் கூடுதலாகப் பிடிப்பதும் வேறு கதை, அது வியாபாரம், அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனால் லாபத்துக்காகப் பிடித்த மூடை எது, லாரி வாடகைக்குப் பயந்து வாங்கின மூடை எது, மறந்துபோய்க் கிடக்கிற மூடை எது என்று நோட்டில் பிரித்து எழுதியிருக்கிறதா? நான் பார்த்த பக்கங்களில் இல்லை.

வேன் விஷயமும் இருக்கிறது. எங்கள் டிரைவர்கள், பெரும்பாலும் பட்டாணியர்கள், காலை நாலு மணிக்குக் கிளம்புவார்கள். எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே முடிவாகிவிடும். ஒரு மணி நேரம் பிந்தினால் சூப்பர் மார்க்கெட்டில் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ரெண்டு வழி டீசலும் நம் தலையில். நம் வேன் யார் போன் பண்ணினாலும் உடனே கிளம்புகிறது. காலையில் அருப்புக்கோட்டைக்கு எட்டு மூடை, சாயங்காலம் அதே ரோட்டில் ஆறு மூடை. அப்பா காலத்தில் செவ்வாய்க்கிழமை அருப்புக்கோட்டை லைன், வியாழக்கிழமை சாத்தூர் லைன் என்று இருந்ததே, அதை ஏன் விட்டோம்? கடைக்காரர்கள் கிழமையைப் பார்த்து சிட்டை எழுதி வைத்திருப்பார்கள். வண்டி நிறையப் போய் வந்தது. டீசல் லிட்டர் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா ரயில் வேகன் கதை சொல்வாரே, குறித்த நேரத்துக்குள் சரக்கை இறக்காவிட்டால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், என்று ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் வைத்து மூடை இறக்கிய கதை. இங்கே கன்டெய்னருக்கும் அப்படித்தான். சில நாள் இலவசம், அப்புறம் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். ரயில்வேக்காரன் மீட்டர் போட்டதால் அப்பா தூங்காமல் இறக்கினார். நம் கிட்டங்கிக்குள் போனபிறகு மீட்டர் போட ஆள் இல்லை, அதனால் ஆறு மாதம் ஆனாலும் நமக்கு உறைக்கவில்லை.

போன வருஷம் ஏப்ரல் 16ஆம் தேதி இங்கே பெய்த மழையை டிவியில் பார்த்திருப்பீர்கள். 1949இல் கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு மழை இல்லையாம். கிட்டங்கிக்குள் முழங்கால் தண்ணீர். கீழ் அடுக்கில் ஒரு சாண் உயரத்தில் இருந்த பெட்டியெல்லாம் கூழாகிவிட்டது. ரெண்டாவது அடுக்குக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் நின்றுகொண்டு நான் யோசித்தது நம் வடக்குச் சுவர் ஒழுக்கைத்தான். அதை அடைத்தாயிற்றா? மதினி அனுப்பின நோட்டில் அந்தச் சுவரோரம் 90 மூடை மல்லி என்று இருக்கிறது. கட்டை போட்டிருக்கிறீர்களா, தரையில் கிடக்கிறதா என்று எழுதவில்லை.

ஒன்று செய்யுங்கள் அண்ணே. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை லீவு அன்றைக்கு அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சாக்கட்டியைக் கையில் கொடுங்கள். மூடைக்கு மூடை வந்த மாதத்தைச் சொல்லச் சொல்லி எழுதட்டும், அவருக்கும் பொழுது போகும். தீபாவளிக்கு முந்தின சரக்கை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். வாங்கின விலைக்கோ, கொஞ்சம் நஷ்டத்துக்கோ ஆடிக்குள் தள்ளிவிடுங்கள். அதன்பிறகும் இடம் பத்தவில்லை என்றால் ஆவணியில் 8 லட்சமும் அனுப்புகிறேன், ஒரு கேள்வி கேட்க மாட்டேன். நான் சொன்னது தப்பு என்று அப்போது பஜாரிலேயே சொல்லிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் புரோட்டா ஞாபகம் வந்தால் துபாயில் கராமா என்கிற ஏரியாவுக்குப் போகிறேன். புரோட்டா கிடைக்கிறது, நம் ஊர் சால்னா கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முட்டுவலித் தைலமும் நண்பரிடம் கொடுத்திருக்கிறேன், சிவப்பு மூடி போட்டது. சாக்லேட் பிள்ளைகளுக்கு. வழியில் உருகியிருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எண்ணும்போது மல்லியிலிருந்து ஆரம்பியுங்கள். அடி மூடையை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி