ஹைபிரிட் காரின் மைலேஜ் பிரேக் பெடலில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

"லிட்டருக்கு 28 கிடைக்கும் என்றார்கள், 17-ஐத் தாண்டவில்லை" என்ற புலம்பல், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களிடம் சகஜமாகிவிட்டது. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் வண்டிகளுக்குச் சொல்லப்படும் 27.97 சோதனைக்கூடக் கணக்கு. ரோட்டில் 22, 23 வந்தாலே நன்றாக ஓட்டுகிறோம் என்று அர்த்தம். அதுவும் வராததற்குப் பெரும்பாலும் டீசல் வண்டியில் பழகிய கால்தான் காரணம்.

இந்த வண்டிகளின் ஹைபிரிட் பேட்டரி மிகச் சிறியது. ஈ.பி. கணக்கில் ஒரு யூனிட்கூடப் பிடிக்காது. அதற்குக் கரண்ட் வர இரண்டே வழி: இன்ஜின் பெட்ரோலை எரித்துக் கொடுக்க வேண்டும், இல்லையேல் வண்டி வேகம் குறையும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்குக் காசில்லை. வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பை நெருங்கும்போது 150 மீட்டர் முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பிரேக்கை மெல்ல, நீளமாக அழுத்த வேண்டும். டயலில் முள் 'சார்ஜ்' பகுதியில் நிற்கும். முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்புறம் வரை போய் ஓங்கி மிதித்தால், பேட்டரிக்குப் போக வேண்டியதில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். சரிவிலும் சிக்னலிலும் நியூட்ரலில் போடும் பழக்கம் இன்னும் மோசம். நியூட்ரலில் பேட்டரி சார்ஜே ஆகாது.

கிளம்பும்போது எறும்பு மாதிரி ஊர்வதும் தவறு. பேட்டரியிலேயே வெகுதூரம் நகர்ந்தால் அது இறங்கி, பிறகு அதை நிரப்பவே இன்ஜின் ஓட வேண்டியிருக்கும். தாராளமாக மிதித்து 50-க்குக் கொண்டுபோய், காலை முழுதாக எடுத்து, பிறகு தொட்டும் தொடாமலும் வைத்தால் மோட்டாரில் மட்டும் ஓடுவதைக் காட்டும் பச்சை 'ஈவி' விளக்கு எரியும். ஆரணி ரோட்டில் காலி இடம் கிடைத்தால் இதைப் பழகலாம். 'ஈவி' பட்டனை எப்போதும் அழுத்தி வைப்பது வீண். அது பார்க்கிங்கில் சத்தமில்லாமல் நகர்த்துவதற்கு மட்டுமே.

ஏ.சி. விஷயத்தில் வேலூர் வெயிலை மறக்கக்கூடாது. ஹைபிரிட்டில் கம்ப்ரசர் பேட்டரிக் கரண்டில் ஓடுவதால், சிக்னலில் இன்ஜின் நின்றாலும் குளிர் நிற்காது. ஆனால் பேட்டரி கரைந்ததும் நின்ற இடத்திலேயே இன்ஜின் எழும். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து இரண்டு நிமிடம் ஓட்டி அனலை வெளியேற்றுங்கள். பிறகு உள்காற்றையே சுற்றவிட்டு 25, 26-இல் வைத்தால் போதும்.

பெங்களூரு நெடுஞ்சாலையில் 110-இல் பறப்பவர்கள் ஹைபிரிட்டிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே காற்றைத் தள்ளுவது இன்ஜின்தான், பிரேக்குக்கு வேலையே இல்லை. 85-90-இல் சீராகப் போனால் வித்தியாசம் தெரியும்.

ஏலகிரியிலிருந்து இறங்குவோருக்கு ஒன்று. 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள்ளேயே பேட்டரி நிரம்பிவிடும். அதன்பின் இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பதற்கென்றே உள்ள 'பி' கியரில் போட்டால் இன்ஜின் உறுமும். பயப்பட வேண்டாம், அது பெட்ரோல் குடிக்காமல் சுற்றி வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. பிரேக் சூடாவதும் குறையும்.

டயர் காற்றை ஓட்டுநர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, காலையில் வண்டி எடுத்ததும் பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டுவதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் குறைவாக இருக்கும்.

கடைசியாக, பலர் கவனிக்காதது: பல மாடல்களில் பேட்டரிக்குக் குளிர்காற்று இழுக்கும் துவாரம் பின் சீட் அருகே இருக்கும். அதன்மேல் பையோ துணியோ கிடந்தால், தூசி அடைத்தால், பேட்டரி சூடாகும். சூடானால் கம்ப்யூட்டர் மோட்டாரைக் குறைத்து இன்ஜினை அதிகம் ஓட்டும். சர்வீசுக்கு விடும்போது அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.