பட்டியலில் அடங்காத ஆங்கிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பேச்சு ஆங்கில வகுப்புகள் பெருகியிருப்பதை நான் குறைகூறவில்லை. அங்கு கற்பிக்கப்படும் முறையைப் பற்றியே எழுதுகிறேன். அத்தகைய வகுப்பொன்றில் வழங்கப்பட்ட போட்டோகொப்பித் தாளை, சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவியொருவர் அண்மையில் என்னிடம் காட்டினார். இடப்பக்கத்தில் ஆங்கிலக் கூட்டு வினைகள் (வினையோடு 'அப்', 'ஒன்' போன்ற சிறு சொல் சேர்ந்து வருபவை), வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல். 'மெஸ் அப்' என்பதற்கு எதிரே 'குழப்புதல்' என்று மட்டும் இருந்தது.

இதை மனனம் செய்யும் பிள்ளை 'மெஸ் அப் இட்' என்றுதான் எழுதும். அறையைக் கலைத்துப் போடுவதைக் குறிக்க 'மெஸ் அப் த ரூம்', 'மெஸ் த ரூம் அப்' ஆகிய இரண்டும் சரியானவையே. ஆனால் 'இட்' போன்ற பிரதிப்பெயர் வரும்போது அது நடுவில்தான் நிற்க வேண்டும், அதாவது 'மெஸ் இட் அப்' என்றே அமைய வேண்டும். 'பிக் அப்', 'புட் ஒன்' முதலியவற்றுக்கும் இதே விதிதான். 'லுக் ஆஃப்டர்' அவ்வாறு பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்று அந்தத் தாளில் ஓரிடத்திலும் குறிக்கப்படவில்லை.

இதைவிடப் பெரிய குறை, இடம் பொருள் ஏவல் சொல்லிக்கொடுக்கப்படாமை. குப்பை பற்றி மாநகர சபைக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுமாறு கேட்டபோது, தெருநாய்கள் எங்கள் ஒழுங்கையை 'மெஸ் அப்' செய்கின்றன என்று அதே மாணவி எழுதினார். வீட்டில் தம்பியைக் கண்டிக்கப் பொருத்தமான இச்சொல், ஆணையாளருக்கு எழுதும் கடிதத்தில் பொருந்தாது. நாய்கள் பைகளைக் கிழித்துக் குப்பையைச் சிதறடிக்கின்றன என்று, 'ஸ்கேட்டர்' என்னும் வினையைக் கொண்டு எழுதியிருந்தால் முறையாகவும் இருந்திருக்கும், நடந்தது என்னவென்று அதிகாரிக்கும் விளங்கியிருக்கும். (பழைய பிரெஞ்சிலிருந்து வந்த 'மெஸ்' முதலில் ஒரு வேளை உணவையே குறித்தது என்பதும், இராணுவ முகாம்களின் 'மெஸ்' அந்தப் பொருளின் எச்சம் என்பதும் மாணவர்கள் விரும்பிக் கேட்கும் செய்திகள்.)

1987 ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குக் கொண்டுவரப்பட்ட 13 ஆவது திருத்தத்தால் ஆங்கிலம் இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கப்பட்டது. ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பேச்சு வழக்கும் வேண்டும், அலுவலக வழக்கும் வேண்டும். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் இத்தகைய வினைகளை வெளியிடும்போது, நண்பனிடம் பேசும் வாக்கியம் ஒன்றையும், அதே கருத்தைக் கடிதத்தில் எழுதும் வாக்கியம் ஒன்றையும் அருகருகே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.