தலசீமியா நோயாளர் பெற்றோர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அறிக்கை ஆண்டில் செயற்குழு வழக்கம்போல் கூடியது. மே 8, உலகத் தலசீமியா நாள், ரத்த தான முகாமுடன் கடைப்பிடிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அடையாள அட்டை கோரிய குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மையான பணி, நம் பிள்ளைகளின் உடலில் சேர்ந்துள்ள இரும்பை முறையாக அளந்து பதிவு செய்ததாகும். இதற்குச் சங்கம் ஏன் செலவிட வேண்டும் என்று செயற்குழுவிலேயே கேள்வி எழுந்ததால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. தலசீமியா என்னும் பரம்பரை ரத்தச்சோகை நோயால் நம் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டியுள்ளது. ஏற்றும் ஒரு பை ரத்தத்துடன் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே செல்கிறது. மிகுதியாகச் சேர்ந்த இரும்பை வெளியேற்றும் ஏற்பாடு மனித உடலில் இல்லை. நாளொன்றுக்குத் தானாகக் கழிவது 1 மில்லிகிராம் அளவே. மாதம் இரண்டு பை ஏற்றிக்கொள்பவருக்கு ஓராண்டில் 4.8 கிராம் சேர்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இயல்பாக உள்ள மொத்த இரும்பே சுமார் 4 கிராம்தான். இப்படி மிகுதியாகச் சேரும் இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் பிட்யூட்டரிச் சுரப்பியிலும் படிகிறது. வளர்ச்சி குன்றுவதும், பருவமடைதல் தள்ளிப்போவதும், சர்க்கரை நோய் வருவதும் இதன் விளைவுகளே.

நம்மில் பலர், உடலில் உள்ள இரும்பின் அளவை ரத்தப் பரிசோதனையில் உணர்த்தும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் எண் ஒன்றையே நம்பியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்ப்பது அவசியம்தான். தொடர்ந்து மில்லிலிட்டருக்கு 2500 நானோகிராமுக்கு மேல் நிற்பது இதயத்துக்கு ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் காய்ச்சலோ தொற்றோ கல்லீரல் அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானே ஏறிவிடும். ஒரு பரிசோதனைக் கூடம் நம் பிள்ளைகள் சிலருக்கு ‘2000க்கு மேல்’ என்று மட்டும் எழுதித் தந்தது. மாதிரியை நீர்க்கச் செய்து மீண்டும் அளக்காவிட்டால் 2100ஐயும் 6000ஐயும் வேறுபடுத்த முடியாது என்பதைக் கடிதம் மூலம் சுட்டிக்காட்டியும் பதில் வரவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதயத்தில் உள்ள இரும்பை ஃபெரிட்டின் காட்டித் தராது என்பது. கல்லீரலில் இரும்பு முதலில் சேர்கிறது, இரும்பு நீக்கும் மருந்துக்கு முதலில் நீங்குகிறது. இதயத்தில் தாமதமாகச் சேர்ந்து மிக மெதுவாக நீங்குகிறது. இதை ஊசி குத்தாமல் அளக்க உதவுவது டி2 ஸ்டார் எனப்படும் எம்.ஆர்.ஐ. அளவீடு. 2001இல் லண்டன் மருத்துவர்கள் இதை வெளியிட்ட பிறகு உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. இதய அளவு 20 மில்லி விநாடிக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 10க்குக் கீழே போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து மிகுதி. சங்கப் பிள்ளை ஒருவருக்கு ஃபெரிட்டின் இறங்கிக்கொண்டே வந்தது, எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. ஸ்கேனில் இதய அளவு 12 என வந்ததும் மருத்துவர் இரும்பு நீக்கும் மருந்தான டெஃபராசிராக்ஸுடன் அவ்வகையிலேயே மற்றொன்றான டெஃபெரிப்ரோனையும் சேர்த்து, வெள்ளணு எண்ணிக்கையை வாரந்தோறும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் எடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் நிம்மதியாகவே இருந்திருக்கும் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

இந்த ஸ்கேனுக்குரிய மென்பொருள் எல்லா மையங்களிலும் இல்லை. ஆகவே, மேற்சொன்ன எல்லைகளுக்கு அடிப்படையான 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியும் அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவரும் உள்ள மையத்தில் பேசி, சலுகைக் கட்டணத்தில் ஒரு நாளை முழுமையாகப் பெற்றோம். முன்பதிவு செய்தவர்களில் பாதிக்கும் குறைவானோரே வந்தனர். தொலைவும் கூலி இழப்பும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் ஒரு தொலைபேசி அழைப்பில் வர இயலாமையைத் தெரிவித்திருந்தால் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பிள்ளைகளை அழைத்திருக்கலாம். ரத்தப் பை கிடைக்காத இரவில் மட்டும் சங்கம் நினைவுக்கு வருவது முறையா என்பதை உறுப்பினர்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் உள்ளது. நன்கொடையால் செலவு ஒருவாறு ஈடுகட்டப்பட்டது. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியுள்ளது; செலுத்த இயலாத குடும்பங்களுக்குச் செயற்குழு விலக்கு அளித்தே வருகிறது என்பதால், இங்கு நான் குறிப்பிடுவது இயன்றவர்களை மட்டுமே.

ரத்தக் கொடையாளர்களுக்கும், பகல்நேரச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், கூட்டத்துக்கு இடமளித்தோருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் 10 வயது கடந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இதயம், கல்லீரல் இரண்டையும் அளக்கத் திட்டமிட்டுள்ளோம். ஏற்றிய பைகள், ஃபெரிட்டின், ஸ்கேன் அளவுகள் அனைத்தும் ஒரே குறிப்பேட்டில் எழுதப்படும். மையம் மீண்டும் நாள் ஒதுக்க வேண்டுமானால் முன்பணம் கேட்கிறது. அது சங்கத்தின் கையிருப்பை மீறியது. ஊர் ஊராகச் சென்று பெற்றோரை அழைத்து வர இளைஞர் இருவர் முன்வந்தால் செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு மனமுண்டு. ஸ்கேன் பதிவேடு நுழைவாயில் மேசையில் வைக்கப்பட்டுள்ளது; பொருளாளரும் ரசீதுப் புத்தகத்துடன் கூட்டம் முடியும்வரை அங்கேயே இருப்பார்.

செயலாளர்