நகைச்சுவை விருதைச் சிரிக்க வைப்பவர்களுக்கே கொடுங்கள்: எம்மி அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

எம்மி விருதுகளை வழங்கும் அமெரிக்கத் தொலைக்காட்சி அகாடமியின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சிகாகோவின் ஒரு சாண்ட்விச் கடையைப் பற்றிய 'த பேர்' தொடர், அழ வைத்துக்கொண்டே நகைச்சுவைப் பிரிவில் விருதுகளை அள்ளுவது பற்றி உங்களுக்கு வரும் முதல் புகார் இது இல்லை என்று தெரியும். பின்னணியை நான் விளக்கவும் வேண்டாம். 2024 செப்டம்பர் விழாவில் உங்கள் மேடையிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தொடரின் வழியைப் பின்பற்றி நாங்களும் ஜோக் அடிக்கப் போவதில்லை என்று தொகுத்து வழங்கிய யூஜீன் லெவியும் டான் லெவியும் கிண்டலடித்தார்கள். அப்புறம் அதே இரவில் சிறந்த நகைச்சுவை நடிகர், துணை நடிகர், துணை நடிகை, இயக்குநர் என்று வரிசையாக அந்தத் தொடருக்கே எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு நடந்த துணை விழாக்களில் தந்ததையும் சேர்த்தால் மொத்தம் 11. இந்தியாவில் காலை ஐந்தரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறவன் இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

என் கோரிக்கை ஒன்றுதான். எது நகைச்சுவை, எது டிராமா என்பதைத் தயாரிப்பாளர்களின் வசதிக்கு விடாதீர்கள். நீங்கள் தீர்மானியுங்கள்.

அந்தத் தொடர் மீது எனக்குக் கோபமில்லை. சிகாகோவின் அந்தச் சாண்ட்விச் கடையையும் அதில் வெந்து சாகும் மனிதர்களையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் வந்தது வினை. முட்டி ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த அத்தை, "சிரிக்கிற மாதிரி ஏதாவது போட்டு விடுப்பா" என்றார். நகைச்சுவைக்காக நீங்கள் இயக்குநர் விருது கொடுத்த 'ஃபிஷஸ்' எபிசோடையே போட்டேன். கிறிஸ்துமஸ் விருந்து. அம்மா டோனா குடித்துக்கொண்டே சமைக்கிறார். அடுப்படியில் ஒன்று மாற்றி ஒன்றாக டைமர்கள் அலறுகின்றன. "நல்லா இருக்கியாம்மா?" என்று மகள் கேட்கக் கேட்க அவருக்கு வெறி ஏறுகிறது. சாப்பாட்டு மேஜையில் மூத்த மகன் ஃபோர்க்கை எடுத்து வீசுகிறான். அவன் பின்னால் தற்கொலை செய்துகொள்வான் என்பது தொடரைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். கடைசியில் அம்மா காரை ஓட்டி வந்து வீட்டுச் சுவரையே இடித்துவிடுகிறார். இந்த அம்மாவாக வந்த ஜேமி லீ கர்ட்டிஸுக்கும், அந்த மகனாக வந்த ஜான் பெர்ந்தாலுக்கும் நீங்கள் கொடுத்தவை நகைச்சுவைப் பிரிவின் கௌரவ நடிகர் விருதுகள். இரண்டு பேரும் பிரமாதம், மறுக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்த எபிசோடை அத்தை முழுசாகப் பார்த்தார். முடிந்ததும், "நம்ம வீட்டுக் கல்யாணத்துல சண்டை வந்தப்ப யாராச்சும் சிரிச்சோமா? அழணும்னா நான் சீரியலே பார்த்துக்குவேனே" என்றார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அந்தத் தொடர் ஏன் நகைச்சுவைப் பக்கம் நின்றது என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஹாலிவுட் எழுத்தாளர்கள், நடிகர்களின் வேலைநிறுத்தங்களால் தள்ளிப்போய் 2024 ஜனவரியில் நடந்த விழாவில் டிராமா பிரிவை 'சக்சஷன்' அள்ளிக்கொண்டு போனது. செப்டம்பரில் 18 விருதுகளோடு 'ஷோகன்'. ஒரே ஆண்டில் நடந்த இரண்டு விழாக்களிலும் அந்த இரண்டோடும் மோதாமல், பக்கத்துப் பிரிவில் நின்று ஜெயிப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தப் பக்கத்துப் பிரிவில் ஏற்கெனவே குடியிருந்தவர்களின் கதி? லாரி டேவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-லிருந்து 2024 வரை 'கர்ப் யுவர் என்தூசியாசம்' தொடரின் 12 சீசன்கள், சின்னச் சின்ன அற்பத்தனங்களை வைத்தே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர். நடிப்புக்காக அவருக்கு ஒரு எம்மிகூட இல்லை. கடைசி சீசனுக்கும் நியமனம் வந்தது. அதில் அவர் தோற்றது இன்னொரு கோமாளியிடம் என்றால் மனசு ஆறும். தோற்றதோ 'த பேர்' தொடரில் மன அழுத்தத்தில் மூச்சுத் திணறும் ஒரு சமையல்காரரிடம்.

உங்களிடம் விதியே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. பைப்பர் கெர்மனின் சிறை நினைவுகளை வைத்து எடுத்த 'ஆரஞ்சு இஸ் த நியூ பிளாக்' 2014-ல் நகைச்சுவை, 2015-ல் டிராமா. ஒரே பாத்திரத்துக்காக நடிகை உசோ அடூபா இரண்டு பிரிவிலும் விருது வாங்கினார். அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் அரை மணி நேரம் என்றால் நகைச்சுவை, அதற்கு மேல் டிராமா என்று 2015-ல் கோடு போட்டீர்கள். ஆட்சேபம் இருந்தால் ஒன்பது பேர் குழுவிடம் முறையிடலாம் என்றீர்கள். 2021 இறுதியில் அந்த நேரக் கணக்கை எடுத்துவிட்டீர்கள். சரி, அது மொண்ணையான விதிதான், போகட்டும். ஆனால் அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள்? தயாரிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அது. மறுபரிசீலனை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். 'த பேர்' வந்தபோது அதை எந்த அலமாரியில் பூட்டி வைத்திருந்தீர்கள்?

இப்படிச் செய்வது நீங்கள் மட்டும் இல்லை. செவ்வாய் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்டவனின் கதையான 'த மார்ஷியன்' படத்துக்கு 2016-ல் சிறந்த நகைச்சுவை அல்லது இசைப்படம் என்று கோல்டன் குளோப் விருது கொடுத்தவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தான். 'ஷோகன்' மட்டும் என்ன? ஜேம்ஸ் கிளாவலின் நாவல் முழுவதையும் ஒரே சீசனில் முடித்துவிட்டு, குறுந்தொடர் என்று சொல்லிக்கொண்டிருந்து, அடுத்த சீசன் பேச்சு வந்ததும் டிராமா பக்கம் தாவியது.

2025-ல் 'த ஸ்டூடியோ' 13 விருதுகளோடு நகைச்சுவைப் பிரிவை வென்றதைக் காட்டி, எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்வீர்கள். ஓட்டுப் போட்டவர்கள் மாறியிருக்கலாம், விதி மாறவில்லை. நாளைக்கு இன்னொரு கண்ணீர்த் தொடர் அரை மணி நேர அளவில் வந்து அதே வாசலில் நிற்கும்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். எது நகைச்சுவை என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களை வாங்கும் முன், அந்த ஒன்பது பேர் குழுவைப் போல ஒன்றை மறுபடி உட்கார வையுங்கள். நேரக் கணக்கு வேண்டாம், எபிசோடுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். சந்தேகத்துக்குரிய தொடர்களுக்கு என்ன முடிவெடுத்தார்கள், ஏன் என்பதை நியமனப் பட்டியலோடு சேர்த்து வெளியிடுங்கள். காரணம் ஒரே ஒரு பத்தி இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரசிகன்