எர்ணாவூரில் வாளி தூக்க ஆள் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை – விளாடிவாஸ்டாக் கப்பல் பாதை பற்றியும், அங்கிருந்து வடக்கே ஏறி ஆர்க்டிக் கடல் வழியாக ஐரோப்பாவுக்கே போய்விடலாம் என்பது பற்றியும் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரஷ்யாவின் கிழக்குக் கரைக்குச் சரக்கு போக 40 நாள் ஆவது 24 நாளாகக் குறையும் என்பது நல்ல செய்திதான். துறைமுகத்தில் வேலை பெருகினால் முதலில் சந்தோஷப்படுவது ராயபுரமும் தண்டையார்பேட்டையும்தான். ஆனால் அத்தனை பெரிய கட்டுரையில், அந்தக் கப்பல்கள் எந்த எண்ணெயில் ஓடும் என்று ஒரு வரி இல்லை. நான் 27 வருஷம் இன்ஜின் ரூமில் மோட்டார்மேனாக இருந்தவன். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

பெரிய சரக்குக் கப்பல்கள் பலவும் எரிப்பது டீசல் இல்லை. சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரித்த பிறகு அடியில் மிஞ்சும் கறுப்பு எண்ணெய். பர்னஸ் ஆயில் என்போம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு மார்கழி தேவையில்லை. டேங்குக்குள் நீராவிக் குழாய் ஓடவிட்டு 40, 50 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் பம்ப் இழுக்கும். எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிபையர் இயந்திரத்தில் 98 டிகிரி. இன்ஜினுக்குள் நுழையும்போது 130 டிகிரி பக்கம் போய்விடும். ஒருமுறை பால்டிக் கடலில் குளிர்காலத்தில் எங்கள் கப்பலில் நீராவி நின்று, ஒரு சின்ன வடிகுழாயில் எண்ணெய் இறுகிவிட்டது. இரண்டு பேர் இரும்புக் கம்பி விட்டு அரை நாள் குத்தி எடுத்தோம். அது கையளவு எண்ணெய்.

இதே எண்ணெய் கடலில் கொட்டினால் எப்படி இருக்கும் என்று எர்ணாவூர்க்காரர்களிடம் கேளுங்கள். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. நான் அப்போது லீவில் வீட்டில் இருந்தேன். பாரதியார் நகர் கரைக்குப் போனபோது முதலில் உறைத்தது நாற்றம் அல்ல, சத்தமில்லாமை. அலை வந்தது, போனது. நுரை இல்லை, இரைச்சல் இல்லை. கல் கொட்டிய இடமெல்லாம் கறுப்பு அல்வா மாதிரி அப்பிக் கிடந்தது. குழாய் போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள், தண்ணீர்தான் ஏறியது. அப்புறம் வாளிதான். மீனவர்கள், கடலோரக் காவல் படையினர், காலேஜ் பிள்ளைகள் என்று வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினோம். சாயங்காலம் வீட்டில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண் கறுப்பு போக வாரக் கணக்கில் ஆனது. காசிமேட்டில் மீன் வாங்க ஆள் வரவில்லை. அந்தக் கதை உங்களுக்கே தெரியும்.

அது வெயில் அடிக்கும் கடல். மாநகரம் பக்கத்தில். கூப்பிட்டால் ஓடிவர ஆயிரம் பேர்.

துருவக் கடலுக்கென்று சர்வதேச கடல்சார் அமைப்பு போட்ட ‘போலார் கோட்’ அமலுக்கு வந்தது 2017 ஜனவரி 1. எண்ணூர் மோதலுக்கு 27 நாள் முன்பு. அதில் ஒரு விதி: ஆபத்து வந்தால் மீட்க ஆள் வர எத்தனை நாளாகும் என்று கணக்குப் போடும்போது, எந்தக் கப்பலும் ஐந்து நாளுக்குக் குறைவாகப் போடக் கூடாது. மனித உயிருக்கே அந்தக் கணக்கு என்றால் எண்ணெய் அள்ள எப்போது வருவார்கள்? வந்தாலும் குளிர்காலத்தில் அங்கே பகலே இல்லை. எண்ணெய் பனிக்கட்டிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டால் எந்த வாளியும் எட்டாது. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. அது கச்சா எண்ணெய். அந்த இடம் ஆர்க்டிக்குக்கும் தெற்கே. அப்படியும் 25 வருஷம் கழித்துக் கரைக் கற்களுக்கு அடியில் தோண்டியபோது எண்ணெய் இருந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. அண்டார்க்டிக் கடலில் இந்தக் கறுப்பு எண்ணெய்க்கு 2011 ஆகஸ்டிலிருந்தே தடை; எரிக்கவும் கூடாது, சரக்காக ஏற்றிப் போகவும் கூடாது. வடக்கே 2024 ஜூலை 1-ல்தான் தடை வந்தது. அதுவும் எரிபொருளாக வைத்திருக்கத்தான் தடை, சரக்காகக் கொண்டுபோகலாம். எரிபொருள் டேங்கைச் சுற்றி இரட்டைச் சுவர் உள்ள கப்பல்களுக்கு 2029 ஜூலை வரை விலக்கு. ஆர்க்டிக் கரை நாடுகள் தங்கள் கொடி பறக்கும் கப்பல்களுக்குத் தங்கள் கடலில் அதே தேதிவரை சலுகை தரலாம். இரட்டைச் சுவர் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பனிப்பாறைக்கு அது இன்னொரு தகடு, அவ்வளவுதான்.

கொட்டாவிட்டாலும் கெடுதல் உண்டு. மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டு எடுத்தால் என்ன ஆகும் என்று வடசென்னைப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். கப்பல் புகைக்கரி பனியில் விழுந்தாலும் அதே கதை. கறுத்த பனி வெயிலைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளும், சீக்கிரம் உருகும்.

என் கோரிக்கை பெரியதில்லை. இந்தியக் கொடியுள்ள கப்பலோ, இந்திய நிறுவனம் வாடகைக்கு எடுக்கும் கப்பலோ, ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே உள்ள பெரிங் ஜலசந்தியைத் தாண்டி ஆர்க்டிக்கில் நுழைந்தால் முதல் நாளிலிருந்தே டீசல்தான் என்று நம் அரசு இப்போதே எழுதிவைக்கட்டும். 2029 வரை காத்திருக்கத் தேவையில்லை. செலவு கூடும், தெரியும். மிச்சமாகும் நாட்களில் கிடைக்கும் லாபத்தில் கொஞ்சம் அதற்குப் போகட்டும். 2008 முதல் ஆர்க்டிக்கில் நமக்கு ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. 2013 முதல் ஆர்க்டிக் நாடுகளின் கூட்டமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர். 2022-ல் தனியாக ஆர்க்டிக் கொள்கையே வெளியிட்டோம். நாம் சொன்னால் எடுபடும்.

இன்னொன்று, இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. துருவக் கடல் பயிற்சிச் சான்றிதழ் கேப்டனுக்கும், சீஃப் ஆபீசருக்கும், கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில் (பிரிட்ஜ்) முறைக்காவல் பார்க்கும் அதிகாரிகளுக்கும்தான் கட்டாயம். எண்ணெயைத் தொட்டுப் புழங்கும் இன்ஜின் ரூம் ஆட்களுக்குக் கப்பலில் உள்ள கையேட்டைப் பழக்கிவிட்டால் போதுமாம். மற்ற கடல்களில், கப்பலின் அடியில் எண்ணெய் கலந்து தேங்கும் பில்ஜ் தண்ணீரை வடிகட்டி, பத்து லட்சத்தில் 15 பங்குக்குள் எண்ணெய் இருந்தால், ஓடும் கப்பலிலிருந்து வெளியே விடலாம். துருவக் கடலில் ஒரு சொட்டும் கூடாது. பழக்கதோஷத்தில் வால்வைத் திறப்பவன் கேப்டன் இல்லை, என்னைப் போன்ற ஒருத்தன்தான்.

நம் மாலுமிகளுக்குத் துருவக் கடல் பயிற்சி தருவது பற்றி ரஷ்யாவோடு பேச்சு நடந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் மோட்டார்மேனும் ஃபிட்டரும் உண்டா? என் தங்கை பேரன் இந்த வருஷம் இன்ஜின் ரூம் வேலைக்குப் போகிறான். சூடான ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறான். கப்பல் துறையைச் சேர்ந்த யாராவது உங்கள் பத்திரிகை மூலமாகவே பதில் சொன்னால் அவனுக்குக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார்மேன்,
எர்ணாவூர், சென்னை.