இந்த மார்கழியில் நான் வரவில்லை, மாமா

அன்புள்ள மாமா,

நான் அனுப்பிய ஜாக்கெட் பார்சல் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. பெட்டியில் நான் ஒட்டிய டேப்பைக்கூட நீங்கள் பிரிக்கவில்லை. சரி, அது உங்கள் பதில் என்றால் என் பதில் இது: டிசம்பர் கடைசி வாரம் உங்களோடு வண்டியில் ஊட்டிக்கு நான் வரவில்லை. பாட்டியைப் பார்க்க பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

போனில் சொல்லாமல் இங்கே எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். போனில் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "சாப்பிட்டியா பாப்பா" என்று திருப்பிவிடுகிறீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. உங்கள் கம்பெனிப் பையன்கள் நான் எழுதுவதைப் படிக்கிறார்கள். அண்ணன் மழையிலேயும் ரெயின்கோட் போடமாட்டார், அண்ணனுக்குக் குளிரே தெரியாது என்று அவர்கள் பெருமையாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். புதிதாக வண்டி வாங்கிய இரண்டு பேர் இந்த வருஷம் உங்களைப் போலவே சட்டையோடு கிளம்பப் போகிறார்களாம். வண்டி மக்கர் பண்ணியதால் போன டிசம்பரில் ஊட்டி போய்ச்சேரத் தாமதமானது என்று வீட்டில் நீங்கள் சொன்னதைத்தான் அவர்களும் நம்புகிறார்கள். இவ்வளவு நாள் நானும் வாய் திறக்கவில்லை. உண்மையில் நடந்ததை நேற்று அத்தையிடம் மட்டும் சொல்லிவிட்டேன். கோபம் வரும், வரட்டும். இதை யாரோ படித்துச் சொல்லி அத்தைக்குத் தெரியவருவதைவிட நான் சொல்வது மேல் இல்லையா?

போன டிசம்பரில் ஆளுக்கொரு வண்டியில் ராத்திரியோடு ராத்திரியாக ஊட்டிக்குக் கிளம்பினோமே, அன்றைக்கு மண்டியா தாண்டித்தான் மழை பிடித்தது. 2023 ஆகஸ்டிலிருந்து பெங்களூர் மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் டூவீலர் விடுவதில்லை என்பதால் சர்வீஸ் ரோட்டில்தான் வந்துகொண்டிருந்தோம். ஒதுங்கக் கடை வாசல்கள் நிறைய இருந்தன. நான் ஹாரன் அடித்தேன். நீங்கள் நிற்கவில்லை. பந்திப்பூர்க் காட்டு கேட் இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். திறக்கும்போது முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. 2009-ல் அந்த இரவுத் தடை வருவதற்கு முன்னால் ஓசூரிலிருந்து ஒரே மூச்சில் காட்டைத் தாண்டிய ஆள் நீங்கள். அந்த கேட்மேல் உங்களுக்கு இன்னும் தீராத வருத்தம் உண்டு. அது எனக்குப் புரிகிறது.

விடியும் முன்பே அந்த கேட் இருக்கும் மேல்காமனஹள்ளி செக்போஸ்ட்டில் போய் நின்றோம். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. எனக்குக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் ஒழுகியிருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு விண்ட்சீட்டருக்குக் கீழே சட்டை, பனியன், நடுவில் மடித்து வைத்த பேப்பர் எல்லாம் ஒன்றாக ஊறி உடம்போடு ஒட்டிக் கிடந்தன. சைடு பாக்ஸைத் திறந்து, பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்த கம்பளி ஸ்வெட்டரை எடுத்தீர்கள். அப்பாடா, இப்போதாவது மாற்றிக்கொள்கிறாரே என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினீர்கள்.

"உள்ளே தெர்மல் போட்டிருக்கேன் மாமா. நீங்க போடுங்க."

"எனக்குக் குளிராது. போடு பாப்பா."

மறுபடியும் வேண்டாம் என்றேன். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உங்கள் குரல் உயர்ந்தது. நம் கையில் இருந்த ஒரே காய்ந்த துணி அது. ஏற்கெனவே கதகதப்பாக இருந்த என் மேலேயே அதையும் மாட்டிவிட்டீர்கள்.

தெப்பக்காடு வரை உங்கள் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மசினகுடியில் டீ குடிக்கலாம் என்று கை காட்டினேன், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையாட்டினீர்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் உங்களுக்கு மனப்பாடம். அன்றைக்கு வண்டி ரோட்டின் மறுபக்கம் வரை போய்த்தான் திரும்பியது. கியர் மாறவேண்டிய இடத்தில் மாறவில்லை. ஒரு வளைவில் என்ன ஆகவிருந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எதிரே வந்த ஜீப்காரருக்குத் தெரியும்.

ஏற்றம் முடிந்து ஊட்டிக்குக் கொஞ்சம் முன்னால் வரும் தலைக்குந்தாவில் நிறுத்தினீர்கள். ஹெல்மெட் வாரை உங்களால் கழற்ற முடியவில்லை. விரல்கள் பக்கிள்மேல் அலைந்தன, பிடி கிடைக்கவில்லை. நான்தான் கழற்றினேன். ஏதோ சொல்ல வந்தீர்கள், நாக்கு குழறியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், காலையிலேயே ஆரம்பிச்சாச்சா என்று கேட்டார். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத மனுஷன் நீங்கள். அந்த நிமிஷம் உங்கள் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதற்கப்புறம் கடைக்குள் நடந்தது உங்களுடையது, அதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்கார அம்மா உங்களை அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, ஈரத்தையெல்லாம் கழற்றச் சொல்லி, தன் வீட்டுக்காரரின் காய்ந்த சட்டையையும் ஒரு கம்பளியையும் கொடுத்தார். உங்களை மீட்டது அதுதான், டீ இல்லை. முன்பின் தெரியாதவர் கொடுத்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். நான் அனுப்பிய ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை மாமா.

வயசாகிவிட்டது என்று நான் நினைப்பதாக அம்மாவிடம் வருத்தப்பட்டீர்களாம். சத்தியமாக இல்லை. இருபது வயசுப் பையனாக இருந்தாலும் அன்றைக்கு அந்த ஈரச் சட்டையோடு அந்தக் கதிதான். 10 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 5 டிகிரி மாதிரி. அது காய்ந்த உடம்புக்கு உள்ள கணக்கு. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்திக்கொண்டு போகும். அப்புறம் மசினகுடியிலிருந்து ஊட்டிக்குள் 1000 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், அதில் இன்னும் ஆறேழு டிகிரி இறங்கும். தலைக்குந்தாவில் புல்மேல் உறைபனி கிடக்கும் மாதம் அது. உடம்பு தன் உள்சூட்டைக் காப்பாற்ற முதலில் கை கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் விரல் கேட்கவில்லை. உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், யோசனை மந்தமாகும். நடுக்கம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அங்கிருந்துதான் ஆபத்து. கல்லட்டி ஏறும்போது நீங்கள் நடுங்கவே இல்லை என்று அன்றே என்னிடம் சொன்னீர்கள். பெருமையாகச் சொன்னீர்கள். நான் அதைக் கேட்டு எப்படிப் பயந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

சின்ன வயசில் டேங்க்மேல் என்னை உட்காரவைத்து, ஸ்வெட்டருக்குள் முந்தின நாள் பேப்பரை மடித்துச் செருகி, மேலே உங்கள் மஃப்ளரைச் சுற்றிக் கூட்டிப்போவீர்கள். நெஞ்சில் சரசரவென்று சத்தம் கேட்டுக்கொண்டே வரும். ஒரு நாளும் எனக்குக் குளிர்ந்ததில்லை. அந்த வித்தை பொய்யில்லை. காகிதம் காற்றை உள்ளே விடாது, மடிப்புக்குள் நிற்கும் காற்று சூட்டைப் பிடித்து வைக்கும். இன்றைய விலை உயர்ந்த ஜாக்கெட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. நனையும் வரைதான் அது நடக்கும், அவ்வளவே. எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். மஃப்ளர் என் கழுத்தில் இருந்த அந்த நாட்களில் உங்கள் கழுத்தில் என்ன இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் இருந்ததில்லை.

கொடுப்பதற்கு மட்டும் பழகிவிட்டீர்கள். அது நல்ல குணம் என்று ஊரே சொல்லும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பாரம் என்று யாரும் சொல்வதில்லை. அன்று உங்கள் ஸ்வெட்டரை நான் போட்டுக்கொண்டு, நீங்கள் ஈரச் சட்டையோடு போவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தது எனக்குத் தண்டனை. அத்தை இத்தனை வருஷமாக அதைத்தான் அனுபவிக்கிறார். இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே வேண்டாம், சொந்தக்காரர்கள் படிப்பார்கள்.

தம்பிகளே, நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உடம்போடு ஒட்டிக் காட்டன் பனியன் வேண்டாம், வியர்வையையும் மழையையும் குடித்துவிட்டு விடாது. தெர்மலோ கம்பளியோ போடுங்கள். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு வைத்திருக்கும். ரெயின்கோட்டைத் தூறல் விழும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். நனைந்த பிறகு மாட்டினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரிதான். ரெயின்பேண்ட் ஷூவுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே விட்டால் காலோடு வழிகிற தண்ணீர் நேரே ஷூவுக்குள் இறங்கும். கை கீழ்நோக்கி இருப்பதால் ரெயின்கோட்டின் கை கிளவுஸுக்கு மேலே வர வேண்டும். இறுக்கமான கிளவுஸ் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். தோல் கிளவுஸுக்குள் மெல்லிய ரப்பர் கிளவுஸ் போட்டால் ஈரம் உள்ளே வராது, பெரிய செலவும் இல்லை. கை குளிர்ந்தால் நெஞ்சுக்கு இன்னொரு துணி போடுங்கள். நெஞ்சு சூடாக இருந்தால்தான் உடம்பு கைக்கு ரத்தம் அனுப்பும். மரத்த கையை இன்ஜின்மேல் வைக்காதீர்கள், சுடுவது தெரியாது. குளிருக்கு ஒரு பெக் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடானது போலத் தோன்றும், உள்சூடு அதே வழியாக வெளியே போய்விடும். ஒரு ஜோடி காய்ந்த துணியும் சாக்ஸும் பாலிதீன் கவரில் கட்டி வையுங்கள். நனைந்தால் அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மாமா, நான் வராததால் உங்களுக்குத் தனியாகப் போகவேண்டியிருக்கும். அது தெரிந்துதான் முடிவு எடுத்தேன், அதற்காக என்னை மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் முடிவு மாறாது. உங்கள் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு அந்த மலையை இன்னொரு முறை அப்படி ஏற எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் வண்டி ஓட்டவும் எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அம்மா என்னைப் பிடிவாதக்காரி என்கிறார். யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா?

ஜாக்கெட் பெட்டியை ஓசூருக்கே கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் அளவுதான், உள்ளே ஸ்வெட்டர் போட இடம் விட்டு வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டால் ஒரு போன் செய்யுங்கள், நடுராத்திரியாக இருந்தாலும் என் வண்டியோடு வந்து நிற்பேன். போடமாட்டேன் என்றால் ராத்திரியில் கிளம்ப வேண்டாம். முந்தின நாள் பகலில் கிளம்பி மைசூரில் தங்குங்கள். காலையில் நன்றாக வெயில் வந்தபிறகு காட்டுக்குள் போங்கள், கேட் எப்படியும் ராத்திரி 9 மணி வரை திறந்துதான் இருக்கும். மசினகுடியில் கட்டாயம் நிறுத்திச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள். தலைக்குந்தாவில் அந்த அம்மாவின் சட்டையை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள், அத்தை துவைத்து வைத்திருக்கிறார்.

பாப்பா