1 முதல் 8 வரை படிக்கிற எங்க பிள்ளைங்க தெரு வாரியா ஒண்ணா உக்கார அனுமதி கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஆர்.சி. நடுநிலைப்பள்ளி பெற்றோர்கள், கடலோர கிராமம்
பெறுநர்: மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், தூத்துக்குடி
நாள்: செப்டம்பர் 2021

ஐயா, வணக்கம்.

மனு எழுதி பழக்கம் இல்ல, பேசுற மாதிரியே எழுதுறோம், தப்பா எடுத்துக்காதீங்க.

கொரோனாவால 2020 மார்ச்ல பூட்டுன ஸ்கூல் சார். இந்த செப்டம்பர் 1-ல இருந்து 9 முதல் 12 வரைக்கும் திறந்தாச்சு, சந்தோஷம், ஆனா எங்களுது எட்டாவது வரைக்கும் உள்ள உதவி பெறும் பள்ளி, அதனால எங்க கேட்டு இன்னும் பூட்டுதான். இப்ப ரெண்டாங்கிளாஸ்ல இருக்கிற பிள்ளை ஒரு நாள்கூட வகுப்புல உக்காந்தது இல்ல.

பாடம் நடக்கலன்னு சொல்ல வரல. கல்வி டிவி ஓடுது, டீச்சருங்க வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, ஆனா வீட்டுக்கு ஒரு ஃபோன், அது விடியுமுன்ன அப்பாகூட வள்ளத்துல கடலுக்கு போயிடும், ஏலம் முடிஞ்சு அவர் வீடு வர்றப்ப சார்ஜ் இருக்காது. அதையாவது சமாளிச்சிடலாம், பிள்ளைங்க ஒருத்தர ஒருத்தர் பாக்காம இருக்கிறதத்தான் தாங்க முடியல.

முன்னெல்லாம் ஒரு பிள்ளை வீட்ல சாவுன்னா சிஸ்டர் அந்த வகுப்பையே வரிசையா கூட்டிட்டு வருவாங்க, நம்ம வீடுன்னா ஜெபம் சொல்லுவாங்க, இந்து வீடு முஸ்லிம் வீடுன்னா சும்மா அஞ்சு நிமிஷம் நின்னுட்டு போவாங்க. இந்த மே மாசம் ரெண்டாவது அலையில எங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்கு அப்பா இல்லாம போச்சு, யாரும் போய் நிக்க முடியல. அரசு அறிவிச்ச 3 லட்ச ரூபாய்க்கு என்னென்ன பேப்பர் வேணும்னு டீச்சர்தான் ஃபோன்ல சொல்லிக்குடுத்தாங்க, ஆனா அந்த ரெண்டுல ஒரு பையன்கூட ஒரே பெஞ்சுல இருந்தவனுக்கு விஷயம் தெரியவே ஒரு மாசம் ஆச்சு.

சத்துணவுக்கு பதிலா அரிசி பருப்பு குடுக்குற அன்னைக்கு பிள்ளைங்களும் பின்னாடியே வந்து கேட்டுக்கு வெளிய நிக்குதுங்க. போன தடவை ஒரு டீச்சர் ஒரு சின்னப் பிள்ளைய பாத்து "வாய்ஸ் மெசேஜ்ல பாட்டு பாடுறது நீதானா"ன்னு கேக்க, அது அம்மா சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிச்சு. அதுக்கு டீச்சரோட குரல் தெரியும், முகம் தெரியாது.

எங்க பங்குல, அதாவது எங்க சர்ச்சைச் சேந்த பகுதியில, அன்பியம்னு தெரு வாரியா இருபது முப்பது குடும்பம் சேந்த குழு உண்டு. லாக்டவுன்ல யார் வீட்ல உலை கொதிக்கல, யாருக்கு காய்ச்சல்னு கண்டுபிடிச்சது அதுங்கதான். அதே மாதிரி எல்லா மதத்து பிள்ளைங்களையும் தெரு வாரியா பத்து பத்து பேரா பிரிச்சு, வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஸ்கூல் வேப்பமரத்தடியில டீச்சரோட உக்கார அனுமதி வேணும். கதை, பாட்டு, கொஞ்சம் வாசிப்பு, அவ்வளவுதான். மறைக்கல்விக்கு, அதாவது கிறிஸ்தவ மத வகுப்புக்கு, இடம் கேக்கல, அத ஞாயித்துக்கிழமை கோயில் பாத்துக்கும்.

டீச்சருங்க தயாராதான் இருக்காங்க, ஊசியும் போட்டாச்சு, ஆனா ஆர்டர் இல்லாம எப்படின்னு பயம், ஏதாவது ஒண்ணுன்னா ஹெச்.எம். சிஸ்டர் தலையிலதான் விழும். அதனால எழுத்துல ஆர்டர் வேணும், அந்த ஒரு மணி நேரத்த டூட்டியா கணக்குல எடுக்கணும். மாஸ்க், இடைவெளியெல்லாம் நாங்க பாத்துக்குறோம், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவையே கூட்டமில்லாம முடிச்ச ஊர்க்காரங்க நாங்க.

சரி வராதுன்னா ஏன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க சார், வேற எப்படி செய்யலாம்னு நேர்ல வந்து பேசுறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் மற்றும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தார்
(கையெழுத்துகள் பின்பக்கம்)